ஒத்தைக்கு வேலை இல்லை

கரிக்கிடங்கில் ஒத்தையாகப் போன பெண்ணுக்கு வேலை கொடுக்க மாட்டார்கள். துணை பிடிக்கும் வழி தெரியாமல் நான் பல நாள் அந்த வாசலில் நின்றேன். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகு புரிந்தது. நானும் பிறகு யாருக்கும் சொல்லவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. சாமான் விலை விழுந்தது, கப்பல் குறைந்தது, பட்டறைகளில் ஆள் குறைத்தார்கள். என் புருஷன் தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் இருந்தார். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் வரிசையில் நிற்க வைத்து, திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து அதை அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல எழுந்து, குளித்து, கிளம்பிப் போய், பொழுது சாய்ந்த பிறகு வந்தார். மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் பக்கத்துப் பட்டறைக்காரன் பெண்டாட்டி குழாயடியில் எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டாள்: "உங்கூட்டுக்காரு டோல்கேட் கிட்ட நாள் பூரா குந்திகினு கீறாராமே, இன்னா சமாச்சாரம்?"

அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. பட்டறைத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நற்சான்று. இவன் நல்லவன், குடிக்க மாட்டான், நேரத்துக்கு வருவான் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம். அதைத் தகர டப்பாவில் வைத்து ஊரெல்லாம் காட்டினார். எல்லாரும் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். நேரத்துக்கு வருகிறவன்தானே, அதற்கென்ன, வருவதற்கு இடம் வேண்டாமா?

அந்தச் சமயத்தில் ராயபுரத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வேலையில்லாதவர்களுக்கு யோசனை சொல்வதற்காக ஒரு பெரிய மனிதர் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் நல்ல மனிதர்தான், கோபமில்லாமல் பேசினார். காலையில் எழுந்திருங்கள், சுத்தமாக உடுத்துங்கள், பணிவாகப் பேசுங்கள், ஒரு இடத்தில் இல்லையென்றால் மறு இடத்துக்குப் போங்கள் என்றார். பின்னால் நின்ற துறைமுக ஆள் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சாமி, ஒரே சட்டதான் கீது. அத்தத் தோய்ச்சிப் போட்டா அன்னிக்கி வெறும் ஒடம்போட வேல கேக்கறதா?"

"ராத்திரியில் துவைத்து உலர்த்தலாமே" என்றார் அவர்.

"ராத்திரி போர்த்திக்கறதும் அதுதான் சாமி."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மனிதரும் சிரித்தார். என் புருஷன் சிரிக்கவில்லை. அவர் அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சட்டையைத் துவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனார். மழைக்காலத்தில் அதனால் வந்த சளி மாசி வரைக்கும் போகவில்லை. இன்றைக்கும் சுத்தம், பணிவு, விடாமுயற்சி என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்த ஈரச் சட்டை வாடைதான் வருகிறது.

வேலை தேடுகிறவர்கள் இதைப் படித்தால் என்னிடமும் யோசனை எதிர்பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அது அழகாக இருக்காது. பசிக்கிறது என்று சொல்லி வேலை கேட்காதே. பசித்தவளை எவனும் எடுக்க மாட்டான், மயங்கி விழுவாள் என்று பயம். ஒரு வாய்க் கூழாவது குடித்துவிட்டுப் போ, இல்லையென்றால் குடித்த மாதிரி நில். முதல் நாளே மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுக்காதே, பிறகு தினமும் கேட்பான். வீட்டில் எத்தனை பிள்ளை என்று கேட்டால் குறைத்துச் சொல். உன் தெருக்காரர்களோடு கும்பலாகப் போகாதே, ஒருத்தி மேல் அவனுக்குக் கோபம் என்றால் எல்லாருக்கும் கதவு மூடும். இதெல்லாம் உதை வாங்கிக் கற்றது.

முதலில் நான் எண்ணூர் உப்பளத்துக்கு நடந்து போனேன். அங்கே கங்காணி முகத்தைக்கூடப் பார்க்காமல், "இங்க அந்தந்த ஊரு ஆளுங்களுக்கே பத்தல" என்று சொல்லிவிட்டான். அது நியாயம்தான். அடுத்து தண்டையார்பேட்டையில் வேர்க்கடலைக் கிடங்கு. கப்பலுக்குப் போகிற கடலையைப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அங்கே போட்டி அதிகம். கணக்குப்பிள்ளை கேட்டான்:

"எங்கேருந்து வரே?"

"கொருக்குப்பேட்டை."

"கொருக்குப்பேட்டையில எங்கே?"

ரயில் பாதை ஓரத்து வரிசை என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஆள் எடுத்தாச்சு" என்றான். எனக்குப் பின்னால் வந்தவள் வேறு தெரு சொன்னாள், உள்ளே விட்டான். ஆள் எடுத்தாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம்தான் கரிக்கிடங்கு. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் குன்று குன்றாகக் கிடக்கும். அதைக் கூடையில் சுமந்து, சாய்வுப் பலகையில் ஏறி, ரயில் வாகன்களில் கொட்டுவது பெண்கள் வேலை. எங்கும் சேர்த்துக்கொள்ளாதவர்களை அங்கே சேர்த்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாள் சங்கு ஊதியதும் எல்லாரோடும் உள்ளே நுழையப் பார்த்தேன். மேஸ்திரி கழியைக் குறுக்கே நீட்டினான்.

"ஜோடி எங்க?"

"வூட்ல கீறாரு" என்றேன்.

வாசலில் இருந்த அத்தனை பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை. மேஸ்திரியும் சிரித்தான். "அந்த ஜோடி ராவுக்கு. பகலுக்கு ஒரு ஜோடி வோணும். போமே, ஓரமா நில்லு" என்றான்.

ஓரமாக நின்றவர்கள் ஏற்கெனவே ஒன்பது பத்துப் பேர் இருந்தார்கள். எங்களுக்கு ஒத்தைகள் என்று பெயர். வேலை எப்படி நடக்கிறது என்று வேலிச் சந்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜோடிக்கு இரண்டு கூடை. ஒருத்தி அடியில் நின்று மண்வெட்டியால் கூடையை நிரப்பி, குனிந்து தூக்கி, மற்றவள் தலையில் வைப்பாள். மற்றவள் பலகை ஏறிக் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த கூடை நிரம்பியிருக்க வேண்டும். பத்து நடைக்கு ஒரு தடவை இரண்டு பேரும் மாறிக்கொள்வார்கள். நிரம்பிய கரிக்கூடையை எந்த ராட்சசியாலும் தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் கம்பெனிக்கு ஒத்தைப் பெண் ஒரு ஆளே இல்லை. ஜோடியில் ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்று வேலை இல்லை, வாசலில் நிற்கும் ஒத்தைகளில் ஒருத்தியை அவள் பிடித்துக்கொண்டால் தவிர.

ஆக, அந்த வாசலில் வேலை தேடுவது என்றால் உள்ளே போகும் பெண்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது. எவள் இருமுகிறாள், எவள் காலை இழுத்து நடக்கிறாள், எவள் கண் மஞ்சளாக இருக்கிறது. பார்த்துவிட்டு அடுத்த நாள் அவளுடைய ஜோடி பக்கத்தில் போய் நிற்க வேண்டும். யாரும் யாருக்கும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். சொல்லித் தந்தால் பார்க்கிற கண் கூடிவிடும்.

நானும் பார்த்தேன். ஒருத்தி வெயிலில் நடுங்கிக்கொண்டே போனாள். மறுநாள் அவள் வரவில்லை. அவளுடைய ஜோடி தனியாக நடந்து வந்தபோது நான் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிப் போய் நின்றேன்.

"யக்கா, நான் வரேன்."

அவள் என் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி. "கயுத்து நல்லா கீது. வாயி எப்படி?"

"வாயி கொஞ்சம் நீளந்தான்."

"பரவால்ல. எனக்குப் பேச்சு வராது, நீ பேசிக்கோ" என்றாள்.

அவள்தான் என் ஜோடி. காய்ச்சல்காரி திரும்பி வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். நான் விசாரிக்கவில்லை.

என் ஜோடி என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். குள்ளம், அகலமான தோள். பேச மாட்டாள். ஆனால் கூடையைத் தலையில் வைக்கிற விதம் இருக்கிறதே, கரி முழுவதும் சரிசமமாக உட்காரும், ஒரு கல் உருளாது. கெட்ட ஜோடி கூடையைச் சாய்த்து வைப்பாள், அன்றைக்கு முழுக்கக் கழுத்து திருப்ப முடியாது. மேஸ்திரி எங்களுக்குச் சண்டை ஜோடி என்று பெயர் வைத்தான். சண்டையெல்லாம் நான் போட்டதுதான். அவள் பக்கத்தில் நிற்பாள், அது போதும்.

என் பக்கத்து அறை காலியானபோது அவள் அங்கே குடி வந்தாள். நடுவில் ஒரு தட்டிதான். அவளுடைய புருஷன் ரங்கோனுக்குக் கப்பலேறினான். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினான், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவன் போன பிறகுதான் அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது அவளுக்கே தெரிந்தது. எனக்கு அவள் சொல்லவில்லை. அவள் புடவையை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து நானே கேட்டேன்.

"எத்தினி மாசம்?"

"அஞ்சி."

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சா?"

"நீ கத்தாம இருந்தா தெரியாது."

இப்படி இருக்கையில் ஒரு நாள் மாலை மேஸ்திரி எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினான். கப்பல் வரத்து இன்னும் குறைகிறது, திங்கட்கிழமையிலிருந்து பாதி ஜோடி போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது என்றான். "நாளையிலேர்ந்து மூணு நாளு பாக்கப்போறேன். எவ ஜல்தியா கொட்றாளோ அவ உள்ள. மத்தவ வெளிய. என்னாண்ட வந்து அயுதா ஒண்ணும் ஆவாது, சொல்லிட்டேன்."

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அவரவர் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தோம். எனக்குப் புருஷனும் அவருடைய ஈரச் சட்டையும். அவளுக்கு யாரும் இல்லை. அவள் வெளியே வந்தால், பிள்ளை பிறந்து எழுந்து நடக்கிற வரைக்கும் எந்த வாசலிலும் நிற்க முடியாது. ரயில் பாதை தாண்டும்போது நான்தான் சொன்னேன்.

"மூணு நாளும் நீ சொமக்க வேணாம். பலக ஏறவே வேணாம். அடி வேலய நீ பாத்துக்கோ, சொமக்கறது பூரா நான்."

"ஒனக்குக் கயுத்து ஒடிஞ்சிடும்."

"ஒடியட்டும். உன் வவுத்துல கீறதவிடவா?"

அவள் நின்றாள். என் கையைப் பிடித்தாள். அவ்வளவு நாளில் அவள் என்னைத் தொட்டது, முதல் நாள் கழுத்தை அழுத்தியது தவிர, அதுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கிடங்கில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். சுமப்பது கஷ்டம், அடியில் நிற்பது ஓய்வு. அடி முறை வந்தால் "அப்பாடா" என்போம். எவளாவது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் அவளுக்கு அடி வேலையைக் கொடுப்பதுதான் அங்கே தயவு. மூத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். தலையில் பாரம் வைத்துப் பலகை ஏறுவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. குனிந்து தூக்குவது கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்று நாளும் நான் ஓடினேன். ஓட்டம் என்றால் ஓட்டம்தான், பலகை என் காலடியில் குதிக்கும். வாகனில் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு இறங்கும்போது மற்ற ஜோடிகளைப் பார்ப்பேன். எங்களைவிட இரண்டு ஜோடிதான் வேகம். நான் எவ்வளவு வேகமாகத் திரும்பினேனோ அவ்வளவு வேகமாக அவள் நிரப்பியாக வேண்டும். மாற்று முறை இல்லை, நிமிர்ந்து நிற்க நேரம் இல்லை. குனிந்து வாருவாள், குனிந்து தூக்குவாள், மார்புக்குக் கொண்டுவருவாள், ஒரு உந்து உந்தி என் தலையில் வைப்பாள். முதல் நாள் ஒவ்வொரு தூக்கலுக்கும் "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, இன்னும் வேகமாக ஓடினேன். "இன்னாமே, தூங்கிகினு கீறயா? குடு ஜல்தி" என்று நான் அவளைப் பார்த்துக் கத்தியதும் உண்டு. அவள் கொடுத்தாள். கூடை அப்போதும் சாயவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மேஸ்திரி வரிசையாக வந்து கழியால் ஒவ்வொரு ஜோடியின் கூடையைத் தட்டிக்கொண்டே போனான். "நீ உள்ள. நீ வெளிய. நீ வெளிய." எங்களிடம் வந்தான். "சண்டை ஜோடி உள்ள" என்றான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் சிரித்தாள், பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வெளியே போகச் சொன்னவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

கொருக்குப்பேட்டை ரயில் கேட்டுக்கு வந்ததும், "கொஞ்சம் குந்திக்கறேன்" என்றாள். கேட் திறந்துதான் இருந்தது. அவள் தண்டவாளத்து ஓரக் கல்லில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. புடவை முழுக்கக் கரி என்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் உட்கார்ந்த கல்லைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இரண்டு பேர் பிடித்து அவளை அறைக்குக் கொண்டுவந்தோம். மருத்துவச்சி வந்தாள். எல்லாம் முடிந்த பிறகு வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"இன்னா வேலடி செஞ்சா இவ?"

நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "நான் இவள ஒரு கூடைகூட சொமக்க உடல. மூணு நாளா வெறும் தூக்கி உடற வேலதான்."

மருத்துவச்சி கழுவுவதை நிறுத்தினாள்.

"சொமக்க உட்டிருந்தாகூட புள்ள நின்னிருக்குமேடி. குனிஞ்சி குனிஞ்சி தூக்கறதுலதான எறங்கும். ஏன், உங்க கெடங்குல ஒருத்திக்குக்கூடவா இது தெரியாது?"

ஒருத்திக்கும் தெரியாது. எத்தனையோ பிள்ளை பெற்றவர்கள் அங்கே இருந்தார்கள், ஒருத்திக்கும் தெரியாது. இதற்கு மேஸ்திரியைத் திட்டலாம், கம்பெனியைத் திட்டலாம், திட்டியும் இருக்கிறேன், கூட்டம் போட்டுத் திட்டியிருக்கிறேன். ஆனால் அடி வேலையை அவளுக்குக் கொடுத்தது அவர்கள் இல்லை. நான். அன்பாகத்தான் கொடுத்தேன். அன்பு என்றால் விஷயம் தெரிய வேண்டாம் என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவச்சி சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு மருத்துவச்சி வெளியே பேசியபோது அவள் உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருப்பாள். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு ஒன்றைச் சொன்னாள்.

"நாளைக்கி எவளயாச்சும் புடிச்சிக்கோ. எடத்த உட்றாத. நான் எயுந்து வர்ற வரைக்கும்."

"நீ வந்ததும் அவள அனுப்பிட்றேன்" என்றேன். அவள் கேட்காமலே சொன்னேன்.

திங்கட்கிழமை வாசலில் ஒத்தைகள் முன்பைவிட மூன்று மடங்கு. வெளியே அனுப்பப்பட்ட ஜோடிகளும் உடைந்து ஒத்தைகளாக நின்றார்கள். நான் தனியாக வருவதைப் பார்த்ததும் எல்லாரும் என்மேல் விழுந்தார்கள். புடவையைப் பிடித்து இழுத்தார்கள். ஓடி வராமல் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். திருவொற்றியூரிலிருந்து நடந்து வருகிறவள், உயரம், கை இரண்டும் கட்டை மாதிரி. நான் அவளிடம் போய்க் கழுத்தில் கை வைத்து அழுத்தினேன். "வர்றியா?" என்று கேட்டேன். வந்தாள்.

திருவொற்றியூர்க்காரி கூடை வைப்பதில் என் ஜோடிக்குச் சமம் இல்லை. ஆனால் பலம் அதிகம். பத்தாவது நடையும் முதல் நடை மாதிரியே இருக்கும். புருஷன் இல்லை, வீட்டில் மூன்று பேர் இவளை நம்பி. இதையெல்லாம் நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

நாலாவது வாரம் என் ஜோடி எழுந்தாள். காலையில் நான் கிளம்பும்போது அவளும் தலைத்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். கிடங்கு வாசலில் திருவொற்றியூர்க்காரி எனக்காகக் காத்திருந்தாள். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

மேஸ்திரிக்கும் புரிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"பயைய ஜோடிய இஸ்துகினு வந்துட்டியா? நல்லாப் பாருமே அவள. ரத்தம் செத்த ஒடம்பு. ரெண்டு நாள்ல உயுந்துட்டா நீயும் வெளிய. அப்பால உன்ன எவ எடுப்பா? அந்த வாய வெச்சிகினு?"

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்குக் கோபம். பொய் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

நான் திரும்பி என் ஜோடியிடம் வந்தேன். "இன்னும் ஒரு வாரம் போவட்டும். ஒடம்பு தேறட்டும், அப்பால வா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். போய் ஒத்தைகளோடு நின்றாள். நான் திருவொற்றியூர்க்காரியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வாரம் முடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் போனது. ஒவ்வொரு நாளும் எங்கள் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். அவள் எனக்குப் பின்னால் இருபதடி விட்டு நடந்து வருவாள். நான் மெதுவாக நடந்தால் அவளும் மெதுவாக நடப்பாள். வாசலில் நான் உள்ளே, அவள் வெளியே. வேறு எந்த ஜோடியும் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை. சில பேர் கழுத்தை அழுத்திப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மாலையில் நான் திரும்பும்போது அவள் அறையில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பேன். எரியாத நாளில் ஒரு கிண்ணம் கஞ்சியைத் தட்டிக்கு அந்தப் பக்கம் நகர்த்துவேன். கிண்ணம் கழுவி வைக்கப்பட்டுத் திரும்பி வரும். கோபித்துக்கொண்டு கஞ்சியை வேண்டாம் என்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் புருஷன் ஒரு நாள் சொன்னார்: "அந்தப் பொம்பளையத் திருப்பிச் சேத்துக்கோ. பாவம்."

"நீ ஒரு வேல தேடிகினு வா, நாளைக்கே சேத்துக்கறேன்" என்றேன். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதுவும் நான் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்னேன்.

ஒரு காலை, கதவைத் திறந்தபோது அவள் முன்னாலேயே கிளம்பியிருந்தாள். கரித் துணி கட்டவில்லை. முகம் கழுவி, தலை வாரி, தன்னிடம் இருந்த நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். ராயபுரம் போகிற பக்கம் திரும்பாமல் வடக்கே திரும்பினாள்.

"எங்க போற?" என்றேன்.

"கடல கெடங்குக்கு."

"அங்க நம்ம வரிசய எடுக்க மாட்டாங்கமே. நான் போயிப் பாத்துட்டேன்."

"வேற தெருவு சொல்லப்போறேன்" என்றாள். கொஞ்சம் நின்று, "அங்க ஒத்தையா எடுக்கறாங்க" என்றாள்.

என்னோடு வா, இன்றைக்கே திருவொற்றியூர்க்காரியை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வந்திருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் நான். அவள் ஒரு நிமிஷம் எனக்காகக் காத்திருந்தாள், அது நிச்சயம். பிறகு நடந்தாள்.

கிடங்கில் முதல் சங்கு ஊதியது. இரண்டாவது சங்குக்குள் வாசலில் இல்லையென்றால் திருவொற்றியூர்க்காரிக்கும் அன்று வேலை போய்விடும். நான் ராயபுரம் பக்கம் ஓடினேன்.